கேக் வெட்டும்போது நான் இல்லை

13-5, செவ்வாய்

கத்திரி வெயில். மலை மேலே மட்டும் மத்தியானம் தூறல், அடிவாரத்தில் ஒரு சொட்டு இல்லை. புதூர்நாட்டுக்கு இரண்டு நடை சவாரி. இறங்கும்போது ஜீப் முழுக்கப் பலாப்பழம். ஆட்கள் பழத்தின் மேல், பழம் ஆட்களின் மேல். கூடவே ஈ.

செய்ய வேண்டியது: பிரேக் ஆயில். பின்பக்க டார்ப்பாய் கிழிசல். கௌசியின் டி.சி. வாங்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

சாப்பிடும்போது சுமதி மெதுவாக ஆரம்பித்தாள். என் பெண்டாட்டி மெதுவாக ஆரம்பித்தாலே அது அவள் தங்கச்சி வீட்டுச் சமாச்சாரம்.

"கௌசி பொறந்த நாளு சனிக்கிழம வருது இல்ல. பிரபு எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிக்கினு போறாராம். திருப்பத்தூர் ரோட்டுல புதுசா ஒண்ணு கீதே, அங்க."

"அங்க சாராயம் விக்கறான்."

"அது தனி, ஃபேமிலி தனி. நடுவுல கதவு கீதாம்."

பிரபு என் சகலை. சுமதியின் தங்கை கவிதாவின் புருஷன். ஓசூரில் கம்பெனி வேலை, சொந்த பிளாட், வெள்ளைக் கார். என் மகளுடைய பிறந்தநாளுக்கு என்னைக் கேட்காமலே விருந்து வைக்கிறான். இனி இந்த டைரியில் அவன் பெயர் ச. முழுசாக எழுதினால் மை தண்டம்.

அது போதாதென்று இன்னொன்று. கௌசியை ஓசூரில் காலேஜில் சேர்க்கலாமாம். மூன்று வருஷமும் அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமாம். "அன்னிக்கு சாப்புடும்போது உங்கள முறையா கேப்பாரு. மூஞ்ச தூக்கி வெச்சிக்காதீங்க" என்றாள்.

திருப்பத்தூரில் காலேஜ் இல்லையா. காலையில் என் ஜீப்பில் ஏறினால் போயிற்று. அவன் கேட்கட்டும். ஒரே வார்த்தை: வேண்டாம். இன்றைக்கே மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

14-5, புதன்

வெயில். பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று. டார்ப்பாய் இல்லை.

சாயங்காலம் கௌசி போனில். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அய்யோ, போதும் சித்தப்பா, வயிறு வலிக்குது." வைத்த பிறகு கேட்டேன், "இன்னா ஜோக்கு?"

"நான் சொன்னா சிரிப்பு வராதுப்பா. அவரு சொல்லணும்."

நானும் ஜோக் சொல்கிறவன்தான். மலை ஏறும்போது ஜீப்பில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் பயத்தில் சிரிக்கிறார்கள் என்று சுமதி சொல்கிறாள்.

ஒரே ஆறுதல். கௌசிக்கு அவன் "நீங்க". நான் "நீ".

16-5, வெள்ளி

புழுக்கம். ஒரு நடைதான், சவாரி இல்லை.

கௌசிக்கு வாட்ச் வாங்கினேன். சின்ன டயல், பிரவுன் வார். கடையில் அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் ஓசூரிலிருந்து கூரியர் வந்து பிரித்துக் கிடக்கிறது. ச. அனுப்பிய வாட்ச். அதில் மணி தெரியும், எத்தனை அடி நடந்தோம் என்று தெரியும், நெஞ்சுத் துடிப்பு தெரியும், போன் வந்தால் கையிலேயே பேசலாம். என்னுடையது இன்னும் பாண்ட் பாக்கெட்டில். நாளைக்குக் கொடுக்கிறேன். இல்லை, அடுத்த மாதம்.

இன்னொரு கவலை. ஓட்டலில் கேக் வெட்டுவார்களாம், ச. சொல்லி வைத்திருக்கிறானாம். எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் கோயிலும் கேசரியும்தான். கேசரியில் முதல் துண்டு கிடையாது, யார் கிண்ணத்தை நீட்டுகிறார்களோ அவர்களுக்கு. கேக் அப்படி இல்லை. முதல் துண்டை யாருக்கு ஊட்டுகிறாள் என்று அத்தனை பேரும் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். போன வருஷம் மெக்கானிக் வீட்டுப் பையன் முதல் துண்டை டியூஷன் மிஸ்ஸுக்கு ஊட்டினான். மெக்கானிக் சிரித்தபடி நின்ற முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

18-5, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்றைக்கும் மனசில்லை. எழுதுகிறேன்.

ஓட்டல் வாசலில் சீரியல் லைட். வலது கை பக்கம் குடிக்கிற இடம், இடது கை பக்கம் குடும்பங்கள் உட்காரும் ஏ.சி. அறை, நடுவில் ஒரு கறுப்புக் கண்ணாடிக் கதவு. அது திறக்கும்போதெல்லாம் அத்தை, சுமதியின் அம்மா, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூடியதும் எடுத்து, "சுக்கா வாசன நல்லாத்தான் கீது" என்றார்.

அத்தை, மாமா, கவிதா, ச., சுமதி, கௌசி, நான். ச. சுவரோரம் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தான். சர்வர் மெனுவை நேராக அவன் கையில் கொடுத்தான். மாமனார் வீட்டில் எந்த விசேஷமானாலும் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. பத்தொன்பது வருஷமாக அது என் இலை. இங்கே சுவரோரத்திலிருந்து தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு வரும்போது கரண்டி தீர்ந்துவிட்டது. அத்தை பார்த்தார். தன் கரண்டியைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, உங்களுக்கு இன்னா வேணும், கூச்சப்படாம சொல்லுங்க" என்றான் ச. என் மகள் பிறந்தநாளில் நான் விருந்தாளி.

"பரோட்டா" என்றேன்.

நாட்டுக்கோழி, சுக்கா, தந்தூரி, இன்னும் பெயர் தெரியாத இரண்டு. சும்மா சொல்லக் கூடாது, சுக்கா பிரமாதம். அதுவும் கடுப்பு. நடுவில் மாமா, "பீடி புடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

கேக் வந்தது. இரண்டு சர்வர்கள் தூக்கி வந்தார்கள், மேலே கம்பி மத்தாப்பு. கௌசிக்குக் கண் பளபளத்தது. என்னிடம் அப்படி ஒரு பளபளப்பை அவள் காட்டியதில்லை, நானும் அப்படி ஒன்றைத் தூக்கி வந்ததில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள், நான் தவிர. ச. அவளை ஒட்டி நின்றான். கவிதா கேட்டாள், "மொத பீசு யாருக்குடி?" கௌசி கத்தியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் முகத்துக்கு வருவதற்குள் எழுந்துவிட்டேன். "ஜீப்ப ஒருவாட்டி பாத்துட்டு வர்றேன்."

வாசலை சர்வர்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். கறுப்புக் கதவைத் தள்ளி அந்தப் பக்கம் போய்விட்டேன். கோடியில் வாஷ்பேசின். கை கழுவிவிட்டு, அந்தத் துண்டு யார் வாய்க்காவது போன பிறகு திரும்பி வரலாம் என்று கணக்கு.

கை கழுவித் திரும்புகிறேன், கதவுக்குப் பக்கத்து மேசையில் மாமா; வரும்போது கவனிக்கவில்லை. முன்னால் கிளாஸ், கிளாஸுக்குப் பக்கத்தில் மசாலாக் கடலை. கண் டி.வி.யில், கிரிக்கெட்.

எங்கள் பக்கம் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவர் எதிரில் ஒருவர் கிளாஸைத் தொடுவதில்லை. தெரிந்தாலும் தெரியாது, பார்த்தாலும் பார்க்கவில்லை. நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன், குடிக்கிறதே இல்லை. ஆனாலும் அவர் குடிப்பதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரிந்தால் இனி எப்படி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். கதவுக்குப் போனாலும் ரோட்டு வாசலுக்குப் போனாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வாஷ்பேசின் பக்கத்தில் இருந்த கூல்டிரிங்க்ஸ் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

"சார், இன்னா வேணும்?" சர்வர்.

"ஒண்ணும் வேணாம்பா. கை கழுவறேன்."

சொன்னதற்காக மறுபடி கழுவினேன். தட்டிலிருந்த சோம்பை எடுத்து மென்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு, கைத்தட்டல். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி கைத்தட்டல், முன்னதைவிடப் பெரிசாக. மாமா அவசரப்படவில்லை. ஓவர் முடிந்து, அடுத்த ஓவரும் முடிந்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மரியாதைக்கு இடைவெளி விட்டு நானும் போனேன்.

உள்ளே நுழையும்போது மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார்: "மாப்ளய தேடிக்கினுதான் போனேன். அந்த பக்கம் எங்கியோ கீறாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாதி கேக் இல்லை.

"பரவால்ல விடுங்க. அண்ணாவுக்கும் ரிலாக்ஸ் வேணும் இல்ல" என்றான் ச. பெருந்தன்மை. அவனைத் தந்தூரியோடு சேர்த்துச் செருகி வைக்கலாம் போலிருந்தது.

கௌசி எனக்கான துண்டைக் காகிதத் தட்டில் வைத்து, ஸ்பூன் போட்டு, நீட்டினாள். ஊட்டவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு தடவை என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். சீட் பெல்ட் தேடுகிறாள் என்று நினைத்தேன். என் ஜீப்பில் பெல்ட்டே கிடையாது.

19-5, திங்கள்

மேகமூட்டம். இரண்டு நடை. ஒரு டயரில் காற்று இறங்குகிறது.

சுமதி பேசவில்லை. குழம்பு மட்டும் பேசுகிறது, டக்கென்று தட்டில் விழுகிறது. குடிக்கப் போனேன் என்று நினைக்கிறாள். மாமா விஷயத்தைச் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் அவளுக்கு அவள் அப்பா சாமி மாதிரி, அவரைக் காட்டிக் கொடுத்துத் தப்பிக்க வேண்டாம்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். முதல் துண்டு யாருக்கு.

சுமதி குளிக்கும்போது அவள் போனில் வீடியோ பார்த்தேன். பாட்டு இருக்கிறது, மத்தாப்பு இருக்கிறது. கத்தி கேக்கில் இறங்குகிற நேரத்தில் கவிதாவின் மல்லிகைப்பூ திரை முழுக்க வந்துவிட்டது. பூவுக்குப் பின்னால் "ஓ" என்று ஒரு சத்தம். ச. குரல் மாதிரிதான் இருக்கிறது. வாய் நிறைய கேக்கோடு "ஓ" சொல்ல முடியுமா என்று நானே சொல்லிப் பார்த்தேன். இட்லியை வைத்து. முடிகிறது.

மத்தியானம் அத்தைக்கு போன். உடம்பு எப்படி, மழை உண்டா, அப்புறம் பேச்சோடு பேச்சாக: "கேக்கு நல்லா இருந்துதுங்களா அத்த, மொதல்ல யாரு சாப்ட்டது?"

"எல்லாரும்தான் சாப்ட்டோம். நீங்கதான் இல்ல."

20-5, செவ்வாய்

சுமதி பேசினாள். திட்டுவதற்காகத்தான், இருந்தாலும் பேச்சு.

"பொண்ணு பொறந்த நாளுல ஒரு அஞ்சு நிமிசம் நிக்க முடியல உங்களால. எனக்கு ஊட்டிட்டு அடுத்தது உங்களுக்கு எடுத்து வெச்சிக்கினு நிக்கறா, ஆள காணோம்."

"யாருக்கு ஊட்டிட்டு?"

"எனக்குதான். பெத்தவளுக்கு ஊட்டாம வேற யாருக்கு ஊட்டுவா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரமாக அவனையும் என்னையும் மட்டுமே நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு அடுத்தது நான். ச. மூன்றாவது, நான்காவது, எங்கேயோ.

மலை ஏறும்போது பாடினேன். ஒரு அம்மா "இன்னா டிரைவரு, இன்னிக்கு நல்லா கீற" என்றது. சாயங்காலம் டார்ப்பாயும் தைத்தாயிற்று.

படுக்கும்போது லேசாக ஒரு யோசனை. பெற்றவள் அவள், சரி. காய்ச்சல் வந்தால் யார் தோளில் தூங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு யார் ஜீப். பரவாயில்லை. இரண்டாவது நல்ல இடம்தான்.

22-5, வியாழன்

மேலே நல்ல மழை. மண் சரிந்து பாதி ரோடு. ஒரு நடையோடு வந்துவிட்டேன்.

வந்தால் கூடத்தில் பெரிய பை திறந்து கிடக்கிறது. சுமதி போர்வையைத் திணிக்கிறாள்.

"இன்னாத்துக்கு?"

"ஓசூருக்கு. வர்ற சனிக்கு அடுத்த சனி பிரபு வர்றாரு. ரெண்டாந்தேதி காலேஜ்ல சேக்கணும்."

"என்ன யாரு கேட்டது?"

அப்போதுதான் சொன்னாள். கேக் வெட்டியதும் ச. எழுந்து நின்று கேட்டிருக்கிறான். நான் இல்லை. கௌசி "அப்பா வரட்டும்" என்றிருக்கிறாள். என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள். யாரும் சாப்பிடவில்லை. ஜீப்பைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா, ச. வெளியே ஜீப் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறான். கிரீம் உருகி அவள் மணிக்கட்டில் வழிந்திருக்கிறது. கடைசியில் அத்தைதான் சொல்லியிருக்கிறார்: "உங்க அப்பா இன்னா சொல்லப் போறாரு. நல்ல விசயத்துக்கு காக்க வெக்காத. சரின்னு சொல்லு கண்ணு."

"சரின்னா. எல்லாரும் கை தட்டனாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியும். கேட்டது. பெரிசாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து தயாராக வைத்திருந்த "வேண்டாம்" என் வாயில்தான் இருந்தது, சோம்போடு.

கேக்குக்குக் காவல் இருந்தேன். பெண்ணைக் கொண்டுபோய்விட்டான்.

அவன் திருடன் மாதிரிக் கேட்டிருந்தால் கோபப்படலாம். தேடிக்கொண்டு ஜீப் வரைக்கும் போயிருக்கிறான். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

24-5, சனி

வெயில். சரிந்த மண்ணை அள்ளிவிட்டார்கள். காலையில் மாமா ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். சுமதி காபி போட உள்ளே போனாள். இருவரும் மாம்பழத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு அந்த கொழாயில தண்ணி நல்லா வந்துதுங்களா?"

பார்த்திருக்கிறார். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒதுங்கினால் கால் தெரியாதா.

"வந்துது மாமா."

"வேணும்னா நான் சுமதிகிட்ட ஒரு வார்த்த..."

"வேணாம் மாமா."

தலையை ஆட்டினார். காபி வந்தது. அவருக்கு என் மேல் மரியாதை கூடியிருக்கும். மூத்த மாப்பிள்ளை மூத்த மாப்பிள்ளைதான் என்று நினைத்திருப்பார். உண்மை அது இல்லை. அவரால் நான் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். எழுந்து போனது அவரால் இல்லை. அதை அவரைச் சாட்சி வைத்து மறைக்க முடியாது.

27-5, செவ்வாய்

இரண்டு நடை. முன்சீட்டில் ஒரு ஆடு.

கௌசி போனில். "சித்தப்பா, அந்த ரூம்ல ஜன்னல் கீதா?" இருக்கிறதாம். மலை தெரியுமா என்று கேட்டாள். அவன் என்னவோ சொன்னான். சிரித்தாள். நான் டயரில் காற்று பார்க்கப் போய்விட்டேன். சரியாகத்தான் இருந்தது.

30-5, வெள்ளி

மத்தியானத்திலிருந்து விட்டு விட்டு மழை. வண்டி எடுக்கவில்லை. நாளைக்கு ச. வருகிறான்.

சுமதி கடைக்குப் போயிருந்தாள். கௌசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாட்சை எடுத்து அவள் துணி மேல் வைத்தேன். எடுத்துப் பார்த்து, கட்டிக்கொண்டாள். கையில் ஏற்கெனவே ச. அனுப்பியது இருந்தது. கழற்றவில்லை. இரண்டும் ஒரே கையில்.

மடித்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா சொன்னப்ப நீ குடிக்கப் போனன்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் நம்பல. ஜீப்ல மோந்து பாத்தேன். சோம்பு வாசனதான் வந்துது."

"ம்."

"குடிச்சிருந்தாகூட பரவால்ல போல இருந்துது. எதுக்குப்பா எழுந்து போன?"

ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் உண்டு. ஏன் எழுந்தாய் என்று கேட்கிறாள். மழையைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். வேறு வழி இல்லை.

"மொத துண்ட அவனுக்கு ஊட்டிடுவியோன்னு."

"யாருக்கு? சித்தப்பாவுக்கா?"

"ம்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு சுகருப்பா. கேக்கே தொடமாட்டாரு."

பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

மறுபடி துணியை எடுத்தாள். மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு கேட்டப்ப நீ வேணாம்னு கத்துவன்னு நெனச்சேன். கத்தறதுக்கு ஆளில்ல."

"இப்ப கத்தட்டா?"

"கத்தாத. சொல்லு."

"போகாத."

"ம்" என்றாள். தலை நிமிரவில்லை. கை மட்டும் துணியின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொருவாட்டி சொல்லு."

"போகாத கௌசி."

மூக்கை உறிஞ்சினாள். அந்தத் துணியையும் மடித்துப் பையில் வைத்தாள்.

"போய்ட்டு வர்றேன்பா. இந்த ஜிப்ப கொஞ்சம் இழு, எனக்கு வரல."

இழுத்தேன். போர்வை பிதுங்கிக்கொண்டு நின்றது. முழங்காலால் அமுக்கிக்கொண்டு மறுபடி இழுத்தேன். மூடிவிட்டது.